புள்ளிக்கவுன் பாடகிக்குப் பிடித்த குடை

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று தெருவே சொல்லும். முகத்துக்குப் பொருந்தாத ஃபிரேமை மாட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்களிடம், "ஆந்தை மாதிரி இருக்கு, வேற பாருங்க" என்று சொல்லிவிடுவார். அதனால் கைநழுவிப்போன வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல. "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்" என்பாள் அவர் மனைவி. அப்பேர்ப்பட்ட மனிதர், அறுபதைத் தாண்டிய வயதில், ஊரே கேட்டுக்கொண்டிருக்க, வானொலி நிலையத்தில் உட்கார்ந்து ஒரு புளுகு மூட்டையை அவிழ்த்துவிட்டார்.

நடந்தது இதுதான். வானொலி அறிவிப்பாளராக இருந்த ஓர் இளம்பெண் கண்ணாடி மாற்ற அவர் கடைக்கு வந்தாள். அவர் லென்ஸை ஃபிரேமுக்குள் அழுத்திப் பொருத்தியபடி, வழக்கம்போல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன பாட்டு சார்? நான் கேட்டதே இல்லையே?"

இந்தக் கேள்விக்காக அவர் நாற்பது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. யாரும் கேட்டதில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

அறுபதுகளின் தொடக்கம். கிதாரும் டிரம்மும் எல்லா ஊர்களையும் பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்த காலம். வாரத்துக்கு ஒரு பாடகர் முளைப்பார், மாதத்துக்கு இரண்டு பேர் காணாமல் போவார்கள். அப்படி வந்து அப்படியே போனவள்தான் அந்தப் பெண். மொத்தமே மூன்று இசைத்தட்டு. பிரமாதமான குரல் என்று சொல்ல முடியாது. ஜலதோஷம் பிடித்து இப்போதுதான் விட்டது போல லேசாகக் கரகரக்கும். தட்டின் உறையில், வெள்ளைப் புள்ளி போட்ட கவுனில், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். கடைக்காரர்களுக்குப் பெயர் வாயில் நிற்கவில்லை. "அந்தப் புள்ளிக்கவுன் தட்டை எடுப்பா" என்பார்கள். அதுவே பெயராகிவிட்டது.

பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண், அடுத்த பஸ்ஸில் இறங்கப்போகிறவன் யாராக இருப்பான் என்று யோசிக்கிற பாட்டுத்தான் அவர் முணுமுணுத்தது. இரண்டாவது சரணத்தில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, தொண்டைக்குள்ளேயே ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாள். அவ்வளவுதான். அப்போது அவர் லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன். எதிர்ச்சாரியில் இசைத்தட்டுக் கடை. அந்தச் சிரிப்பு வரும்போதெல்லாம் அவன் கால் தானாகச் சக்கரத்தை நிறுத்திவிடும். முதலாளி கண்ணாடிக் கூட்டால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்கிக்கொண்டே சிரித்த ஒரே பையன் நான்தான் என்றார் கடைக்காரர்.

"சார், நீங்க கட்டாயம் எங்க நிலையத்துக்கு வரணும்" என்றாள் அறிவிப்பாளர். "மறந்துபோன பாடகர்களைப் பத்தி வாரா வாரம் ஒரு நேரடி நிகழ்ச்சி பண்றோம். இதையெல்லாம் அப்படியே சொல்லுங்க, போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதையே சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, இசைத்தட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனார். சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறை. நடுவே ஒலிவாங்கி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழில்நுட்பக்காரர். காத்திருந்தபோது அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "போன வாரம் ஒரு பழைய டிரம்மர் வந்திருந்தாரு சார். அடேயப்பா! ஒவ்வொரு பாடகரைப் பத்தியும் ஒரு கதை. நேயர்களெல்லாம் போன் மேல போன்."

அந்த டிரம்மர்தான் அவரைக் கெடுத்தார் என்று பிற்பாடு மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டறை, இசைத்தட்டுக் கடை, முதலாளியின் தட்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோதுதான் தெரிந்தது, ஆயுசு பூராவும் நெஞ்சில் சுமந்த சமாச்சாரம் வாயால் சொன்னால் இம்மாத்திரம்தான் என்று. கடிகார முள் நகர்ந்ததாகவே தெரியவில்லை. அறையில் ஓர் அமைதி விழுந்தது. அவளும் அதைக் கவனித்துவிட்டு அவசரமாகக் கேட்டாள்:

"அவங்களை நேர்ல பார்த்திருக்கீங்களா சார்?"

பார்த்ததில்லை. உறையில் இருந்த படத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"பார்த்திருக்கேன்" என்றது அவர் வாய்.

"ஐயோ! எங்க?"

"ஒருநாள் சாயங்காலம். நல்ல மழை. கச்சேரி முடிஞ்சு வாத்தியக்காரங்க வண்டி இவங்களை விட்டுட்டுப் போயிடுச்சு. எங்க பட்டறை வாசல்ல வந்து ஒதுங்கினாங்க. அதே புள்ளிக்கவுன். கையில செருப்பு."

செருப்பைக் கையில் கொடுத்ததும் அவருக்கே கதையில் நம்பிக்கை வந்துவிட்டது. முதலாளியின் குடையை எடுத்தாராம். பஸ் நிறுத்தம் வரைக்கும் பிடித்துக்கொண்டு போனாராம். பஸ் வரவில்லை. அவள் அந்தப் பஸ் பாட்டை அவருக்காக மட்டும் மெல்லப் பாடினாளாம். அந்த இடம் வந்ததும் அவரைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாளாம்.

அறிவிப்பாளர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆளும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா சார்?"

"இல்லைம்மா. போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அடடா..."

"நான் போயிருந்தேன். பத்துப் பேர்கூட வரலை. ஒரு பூகூட இல்லை. நான்தான் கொண்டுபோய் வச்சேன்."

சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. அவர் பொருத்திக் கொடுத்த கண்ணாடியைக் கழற்றி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டைப் போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் தொலைபேசி வந்தது.

"வணக்கம் நேயரே, யார் பேசறீங்க?"

"போய்ச் சேர்ந்தவதான் பேசறேன்."

மூளைக்கு எட்டுமுன் அவர் முதுகுத்தண்டுக்குத் தெரிந்துவிட்டது. குரலில் கிழடு தட்டியிருந்தது, ஆனால் அதே கரகரப்பு.

"அம்மா... நீங்க..."

"அந்தப் புள்ளிக்கவுன் நான்தான். நல்லாத்தான் இருக்கேன். முட்டிவலி, வேற ஒண்ணும் இல்லை. அந்த ஐயா வச்ச பூ மட்டும் இன்னும் எனக்கு வந்து சேரலை."

கடைக்காரர் கதவைப் பார்த்தார். கைப்பிடியே இல்லாத கதவு போலத் தெரிந்தது. காது இரண்டும் நெருப்பாகச் சுட்டன. இதோ இப்போது சொல்லப்போகிறாள், இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று.  தொலைபேசிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல் வேறு மாதிரி வந்தது.

"சாவு விஷயத்தில யாரையோ நான்னு நினைச்சு ஏமாந்திருப்பாரு. ஆனா அந்தக் குடை... அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாவம், நல்ல பையன். எனக்கு முழுக்கப் பிடிச்சுட்டு, தான் ஒரு பக்கம் பூரா நனைஞ்சுட்டான்."

அறிவிப்பாளர் சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். அவரை ஏதாவது சொல்லச் சொன்னாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதையும் உணர்ச்சிப் பெருக்கு என்று நேயர்களுக்கு விளக்கிவிட்டாள் அந்தப் புண்ணியவதி.

வீட்டுக்கு வந்தால், மனைவி வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"நமக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில எனக்கு ஒருநாளாவது குடை பிடிச்சிருக்கீங்களா?"

"அது வந்து..."

"நீங்களா ஒரு பொம்பளைகூட நடந்து போனீங்க? என்னைப் பெண் பார்க்க வந்தன்னிக்கு எங்க அண்ணனோட செருப்பைப் பார்த்துத்தானே பேசினீங்க?" மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "எதுக்குங்க இந்த வேலை?"

 பொறாமையில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் குத்தியது.

"அந்தம்மாவுக்குத் தெரியும், இது பொய்யுன்னு. தெரிஞ்சும் என்னைக் காப்பாத்திவிட்டாங்க" என்றார் கடைசியில். "அதைத்தான் தாங்க முடியலை. நாலு பேருக்கு முன்னால காறித் துப்பியிருந்தா துடைச்சுக்கிட்டு வந்திருப்பேன்."

தெருவோ அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. பக்கத்து மருந்துக் கடைக்காரர் "வாங்க குடையாரே" என்று கும்பிட்டார். டீக்கடையில் இரண்டாவது டீ இலவசமாக வந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, பிள்ளைகளுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, அவர் கூனிக் குறுகிப்போனார். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு குண்டு முகக்காரர் வட்டமான ஃபிரேமை மாட்டிக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஆந்தை என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. யாருக்கு யார் உண்மை சொல்வது என்று ஒரு நினைப்பு. "நல்லா இருக்குங்க" என்றார். மனிதர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அறிவிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டாள். அந்த அம்மா முகவரி கொடுத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள் என்றாள்.

"போங்க" என்றாள் மனைவி. "போய்க் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடாதீங்க."

வழியில் ஒரு பூக்கடையில் நின்றார். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு கொத்தைக் கையில் எடுத்தவர், சட்டென்று நினைவு வர, தேள் கொட்டினாற்போலத் திரும்ப வைத்தார். பழம் வாங்கிக்கொண்டார். இசைத்தட்டும் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்.

அடுக்குமாடியின் மூன்றாவது தளம். மணியடித்ததும் ஒரு பெண் கதவைத் திறந்தாள். பார்த்த உடனே முகம் மலர்ந்துபோயிற்று.

"குடை மாமாவா? வாங்க மாமா, வாங்க! அத்தை, வந்துட்டாங்க!"

மருமகள் என்று புரிந்தது. கூடத்தில் அளவுக்கு மீறி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. உள்ளறையில், ஜன்னலோரமாக, இரண்டு முட்டியிலும் பட்டி சுற்றிக்கொண்டு கனத்த உடம்போடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி. உறையில் இருந்த பெண்ணை அந்த முகத்தில் தேடினார், கிடைக்கவில்லை. மருமகள் தேநீர் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அவர் உட்காரவில்லை.

"அம்மா, நான் சொன்னது அத்தனையும் பொய்."

"உட்காருங்க. தெரியும்."

"குடையும் இல்லை, மழையும் இல்லை. உங்களை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன்."

"எனக்குத் தெரியாதா? அந்தக் கவுன் என்னோடதே இல்லை. போட்டோ பிடிச்சவரோட சம்சாரத்துது. படம் எடுத்த கையோட கழட்டிக் கொடுத்துட்டேன். அதைப் போட்டுக்கிட்டு நான் எங்க மழையில நனையறது?" தேநீரை ஒரு வாய் குடித்தார். "குடை வரைக்கும் சரிங்க. என்னை எதுக்குக் கொன்னீங்க?"

தொழில்முறையில் எல்லோரையும் கண்ணுக்குள் பார்த்துப் பழகினவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க இருக்கீங்கன்னா, அப்புறம் ஏன் போய்ப் பார்க்கலைன்னு அந்தப் பொண்ணு கேட்டுடும்னு..."

"ஓ. ஒரு கேள்விக்குப் பயந்து கொலையா?"

  வேடிக்கையாகத் தொடங்கிய அம்மாளின் முகம் மெல்ல மாறியது.

"பாட்டை விட்டப்புறம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கதான். ஒருநாளைக்கு எத்தனை பேர் கூப்பிடுவாங்க! யாராவது ஒருத்தர், 'இந்தக் குரலைக் கேட்ட மாதிரி இருக்கே'ன்னு சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். ஒருத்தர்கூடச் சொல்லலை. கடைசியில ஞாபகம் வச்சிருந்தது நீங்க ஒருத்தர். நீங்களும் என்னைப் புதைச்சுட்டுத்தான் ஞாபகம் வச்சிருக்கீங்க."

திட்டு வாங்க வந்த மனிதருக்கு இது திட்டைவிடக் கனமாக இறங்கியது. பழப்பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அப்ப ஏன்மா என்னைக் காட்டிக்கொடுக்கலை?"

"உங்களைத் திட்டத்தான் போன் எடுத்தேன். பூ வந்து சேரலைன்னு சொன்னேனே, அதுக்கு மேல நல்லா நாலு கேட்கணும்னு இருந்தேன். திரும்பிப் பார்த்தா, மருமக கரண்டியோட நிக்கிறா. வாயைப் பிளந்துக்கிட்டு. அவளுக்கு என்னை ஒரு முட்டிவலியாத்தான் தெரியும். நான் பாடினேன்னு சொன்னா, 'ஆமா அத்தை, குளிக்கும்போது நானும்தான் பாடறேன்'னு சொல்றவ. அன்னிக்கு அவ பார்த்த பார்வை இருக்கே... சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். நீங்க ஒரு பங்கு பொய் சொன்னீங்கன்னா, நான் ஒரு பங்கு." பெருமூச்சு விட்டார். "போகட்டும். நிஜமா என்னதான் நடந்துச்சு? அதைச் சொல்லுங்க."

சொன்னார். சக்கரம், எதிர்க்கடை, கண்ணாடிக் கூட்டால் வாங்கிய தட்டு. அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தலை நிமிர்ந்தது. "அது ஒண்ணு பொய்யில்லைம்மா. என்ன கஷ்டம் வந்தாலும் அதை நினைச்சுக்குவேன். ஒரு மனுஷி வேலைக்கு நடுவில இப்படிச் சிரிக்க முடியும்னா, நாமும் இருந்துடலாம்னு தோணும்."

"எந்தச் சிரிப்பு?" என்றார் அம்மாள் குழப்பமாக.

அவர் இரண்டாவது சரணத்தை முணுமுணுத்துக் காட்டி, அந்த இடத்தில் விரலை உயர்த்தினார். அம்மாள் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது அதில் ஒரு தயக்கம் இருந்தது.

"அது சிரிப்பு இல்லைங்க."

"பின்னே?"

"குமட்டல். என் பெரிய பையன் வயித்தில. மூணு மாசம். வெளியில சொன்னா பாட விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. மைக்குக்கு முன்னால குபுக்குன்னு வந்துடுச்சு. அப்படியே முழுங்கிட்டு அடுத்த வரியைப் பிடிச்சேன். இன்னொரு தடவை பாடறேன்னு கெஞ்சினேன். நேரமாச்சு, இதுவே நல்லாத்தான் இருக்கு போன்னுட்டாங்க."

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவர் கேட்டுப் பழகிய சிரிப்பல்ல. கொல்லென்று வெடிக்கிற, ஜன்னல் அதிரும் சிரிப்பு. இதுதான் அம்மாளின் நிஜச் சிரிப்பு. இதைக் கடைக்காரர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பொய்தான் சொன்னோம், அடியில் ஒரு உண்மையாவது இருக்கிறது என்று பிடித்துக்கொண்டிருந்த கயிறும் அறுந்தது.

"சரி, எழுந்திருங்க" என்றார் அம்மாள். "எல்லாரும் வந்திருப்பாங்க."

"யாரு?"

"என் பையன், சம்பந்தி வீட்டுக்காரங்க, கீழ்வீட்டுக்காரங்க. உங்க வாயால குடைக் கதையைக் கேட்கணும்னு மருமக கூப்பிட்டிருக்கா."

அப்போதுதான் அந்த நாற்காலிகள் அவருக்கு உறைத்தன.

"என்னால முடியாதும்மா. தயவுசெஞ்சு என்னை விட்டுடுங்க. இதை இறக்கி வைக்கத்தானே வந்தேன்?"

"ஊருக்கே சொன்னீங்க. பத்துப் பேருக்குச் சொல்ல முடியாதா?" என்று கேட்டவர், குரலைத் தாழ்த்தினார். "என் சம்பந்தி இதுவரைக்கும் என்னை ஒருநாளும் 'உட்காருங்க'ன்னு சொன்னதில்லை. போன வாரம் சொன்னாரு. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. என்ன பண்ணச் சொல்றீங்க?"

 அம்மாள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இருவருமாகக் கூடத்துக்கு நடந்தார்கள். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர் சொன்னார். வானொலியில் தேனாக ஒழுகிய கதை இப்போது முள்ளாக வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சில் விழுங்கினார். செருப்பைச் சொல்ல மறந்துபோனார். மருமகள் எடுத்துக் கொடுத்தாள். அவர் திணறுகிற இடத்திலெல்லாம் அம்மாள் கைகொடுத்தார். குடையில் ஒரு கம்பி உடைந்திருந்ததாம். பையன் முழு வழியும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சம்பந்தி நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். பழக்கதோஷத்தில் குறுக்கு விசாரணை தொடங்கினார்.

"எந்த பஸ் ஸ்டாப்புங்க அது?"

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"இப்ப அது இல்லைங்க. இடிச்சுட்டாங்க" என்றார் அம்மாள் கண்ணை இமைக்காமல்.

பிறகு இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள். இரண்டாவது சரணம் வந்தது. அந்த இடமும் வந்தது. "ஆஹா! இந்தச் சிரிப்பு ஒண்ணுக்கே எதையும் கொடுக்கலாம்" என்று தொடையைத் தட்டினார் சம்பந்தி. பெரிய மகன், தொப்பையும் வழுக்கையுமாக, தேநீர்த் தட்டோடு கூடத்துக்கு நடுவில் நின்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரரின் பார்வை அவன் மேல் போயிற்று. அங்கிருந்து அம்மாளிடம் போயிற்று. அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இசைத்தட்டை மருமகளிடமே கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"மன்னிச்சுட்டாங்களா?"

அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலிகளையும் சம்பந்தியையும் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு பொய்யை இறக்கி வைக்கப் போய், அதையே முதுகில நல்லா இறுக்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா நிலைமையில நானா இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்" என்றும் சொன்னாள். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

வானொலி நிலையம் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்றாள் அறிவிப்பாளர். அவர் மாட்டவே மாட்டேன் என்றார். அவள் கெஞ்சினாள், அசையவில்லை. கடைசியில் அம்மாளே கூப்பிட்டார்.

"ஏங்க வர மாட்டேங்கறீங்க?"

"வெட்கமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் இல்லையா? அதுக்காக?"

"நீங்க போங்கம்மா. நான் எதிர்த்து ஒண்ணும் சொல்ல மாட்டேன். என்னால அந்த விளக்கு முன்னால இன்னொரு தடவை உட்கார முடியாது."

 "சரி. நான் சொல்லிக்கறேன்" என்றார் அம்மாள்.

நிகழ்ச்சி வந்த மத்தியானம் கடையில் கூட்டம். மருந்துக் கடைக்காரர், டீக்கடைக்காரர், கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு கிழவர். அணைத்துவைக்க வழியில்லை, மருந்துக் கடைக்காரரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாள் பேச ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்கு ஒரு விஷயம் உடனே புரிந்தது. அவர் சொன்னது புளுகு, இது கதை. மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. கம்பி உடைந்த குடை ஒருபக்கமாகத் தொங்கியது. ஒல்லியான ஒரு பையன், கையெல்லாம் லென்ஸ் தேய்த்த மாவோடு, நடுங்கிக்கொண்டு நடந்தான். அவனுக்காக அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"இன்னிக்கு அவர் ஏம்மா வரலை?" என்று கேட்டாள் அறிவிப்பாளர்.

"அவர் கூச்ச சுபாவம். இதை வெளியில சொன்னதுக்கே வெட்கப்படறாரு. என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாருன்னா பார்த்துக்குங்க. இந்தக் காலத்தில இப்படி ஒரு மனுஷனா?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மருந்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பெரிய மனுஷன் சார்" என்றார். கண்ணாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அவமானம் அவர் ஒருவரோடு போகாது, அம்மாளையும் சேர்த்து இழுக்கும் என்பது அந்தக் கணமே விளங்கியது, மூடிக்கொண்டார். கழுத்திலிருந்து காது மடல் வரைக்கும் சூடு ஏறியது.

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். யாரிடமும் ஒன்றும் பேசாமல் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தாள். போகிறபோது அவருடைய முதுகில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனாள். அவர் சுவரில் தொங்கிய எழுத்து அட்டைப் பக்கம் திரும்பி, கிழவரைப் பார்த்து, "வலது கண்ணை மூடிக்குங்க ஐயா. எதுவரைக்கும் தெரியுது, சொல்லுங்க" என்றார்.